ஐம்பத்தெட்டு டெசிபல்

விமானம் விழ ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அது ஏன் விழுந்தது என்று கண்டுபிடிக்கப் பதினான்கு மாதம் ஆனது. கண்டுபிடித்தவர்கள் ஐந்து பேர், கண்ணுகளா. ஐவரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். ஐவருக்கும் தலைக்கு மேல் அரை முழம் உயர்ந்த முதுகு வைத்த நாற்காலி. அவர்களுக்கு எதிரே, முதுகே இல்லாத பெஞ்சில், பஸ்காரர் உட்கார்ந்திருந்தார்.

பஸ்காரர் என்றால் பஸ்ஸுக்குச் சொந்தக்காரர் இல்லை. முப்பத்தொரு வருஷம் ஓட்டியவர். ஓய்வுபெற்று ஆறு வருஷமாகியும் தெருவில் அதே பெயர்தான். அவருடைய ஒரே மகள் அந்த விமானத்தில் துணை விமானி. இருபத்தேழு வயது. வீட்டில் பாப்பா. தோளில் கோடு போட்ட சீருடையோடு வாசலில் வந்து நின்ற அன்றும், "பாப்பா, செருப்பைக் கழட்டிட்டு வா" என்றுதான் அவள் அம்மா சொன்னாள்.

அன்று நடந்தது இதுதான். பேய்மழை. காற்று விமானத்தின் முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. எதிர்காற்றில் இறங்கினால் வேகம் அடங்கும். பின்காற்றில் இறங்கினால் அடங்காது. சக்கரம் தொட வேண்டிய இடத்தில் தரையைத் தொடவில்லை. ஓடுபாதையில் பாதிக்கு மேல் வயிற்றுக்கடியில் வீணாகப் போன பிறகுதான் தொட்டது. மிச்சம் இருந்த பாதையில் தண்ணீர் நின்றது. விமானம் வழுக்கிக்கொண்டே போய், பாதை முடிந்த பிறகும் நிற்காமல், சரிவில் இறங்கி ஓடைக்குள் விழுந்தது. அறுபத்து மூன்று பேர் போனார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் அதில் சேர்த்தி.

இறந்த விமானிகளின் வீட்டிலிருந்து ஆளுக்கொருவர் விசாரணையைப் பார்க்க வரலாம் என்று அந்த ஐவர் ஆணையம் கருணை காட்டியது. கேப்டனின் மனைவி படுத்த படுக்கையாகிவிட்டார். அவர் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பஸ்காரர் புறப்பட்டார்.

"அங்க போய் என்னங்க கேக்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

"காரணம்னு ஒரு பக்கம் எழுதுவாங்களாம். அதுல பாப்பா பேரு வரக்கூடாது."

"தப்பு இருந்தா?"

"இருந்தா வரட்டும். இல்லாம வரக்கூடாது."

விசாரணைக் கூடத்தின் வாசலில் அவர் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினார்கள். 'துயருற்ற பார்வையாளர்' என்று அதில் அச்சடித்திருந்தது. பின்பக்கத்தில் விதிகள். பார்வையாளர் பார்க்கலாம், பேசக்கூடாது. துயரம் சத்தமில்லாமல் இருக்க வேண்டும்.

முதலில் சாட்சி சொன்னவர் விமான நிலைய அதிகாரி. ஓடுபாதையில் தண்ணீர் நிற்கவே இல்லை என்றார் அவர். அதற்குச் சான்றிதழ் வைத்திருந்தார். காலை ஆறு மணிக்குக் கையெழுத்தானது, இருபத்து நான்கு மணி நேரம் செல்லும்.

"மழை எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்று ஆணையத் தலைவர் கேட்டார்.

"மதியம் ஒன்றரைக்கு."

"அப்போது சான்றிதழ் அமலில் இருந்ததா?"

"முழுமையாக இருந்தது."

தலைவர் திருப்தியோடு தலையாட்டினார். தண்ணீர்தான் பாவம், படிப்பறிவு இல்லாதது. சான்றிதழை மதிக்காமல் நின்றுவிட்டது.

அடுத்து வந்தவர் விமான நிறுவனத்தின் இயக்க மேலாளர். நல்ல துணியில் தைத்த சட்டை, நல்ல துக்கம். ஆபத்தான வானிலையில் இறங்கும்படி தன் நிறுவனம் எந்த விமானியையும் வற்புறுத்தியதில்லை என்று அவர் நெஞ்சைத் தொட்டுச் சொன்னார்.

"இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிட விமானிக்கு உரிமை உண்டா?"

"முழு உரிமை உண்டு. இறங்கு என்று நாங்கள் யாரையும் கேட்டதில்லை. ஏன் இறங்கவில்லை என்றுதான் கேட்போம்."

"எப்படிக் கேட்பீர்கள்?"

"பன்னிரண்டு பக்கப் படிவம். அதை நிரப்பும்வரை அவருக்கு ஓய்வு கொடுத்துவிடுவோம். நிரப்பிய பிறகும் கொஞ்ச நாள் கொடுப்போம். நீண்ட ஓய்வில் இருப்பவருக்குப் பதவி உயர்வு தந்து தொந்தரவு செய்வதில்லை."

"கேப்டன் இதற்கு முன் அப்படி மேலே ஏறியதுண்டா?"

"ஒரு முறை. பிறகு திருந்திவிட்டார்."

பஸ்காரர் வாயைத் திறந்தார். வாசலில் நின்ற காவலர் அட்டையின் பின்பக்கத்தை விரலால் காட்டினார். வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாம் வாரம் வந்தவர்தான் முக்கியமானவர். விமான நிறுவனத்தின் பண்பு அலுவலர். அப்படியும் ஒரு வேலை உண்டா என்று கேட்காதீர்கள். இருந்தது, அதற்கென்று தனி மாடியே இருந்தது. சில வருஷங்களுக்கு முன் ஒரு துணை விமானி கேப்டனைப் பார்த்து, "நீங்க பண்றது தப்பு" என்று சொல்லிவிட்டாராம். சொன்னது சரிதான், அதனால் நூற்றுக்கணக்கானோர் பிழைத்தார்கள். ஆனால் கேப்டன் மனம் புண்பட்டுப் புகார் கொடுத்தார். அன்றிலிருந்து மூன்று படி முறை வந்தது. பண்பு அலுவலர் விரல் விட்டு விளக்கினார்.

"இளையவர் மூத்தவரிடம் எதைச் சொன்னாலும் முதலில் நன்றி சொல்ல வேண்டும். அடுத்து விஷயம். கடைசியாக, இது என் தாழ்மையான கருத்துதான் என்று சொல்லி முடிக்க வேண்டும். இதில் எந்தப் படியையும் தாண்டக்கூடாது."

"விழுந்த விமானத்தின் துணை விமானி இதில் தேர்ச்சி பெற்றவரா?"

"முதல் பரிசு வாங்கியவர். அவ்வளவு இனிமையான பேச்சு. மற்றவர்களுக்குப் பாடமாக அவருடைய குரலைத்தான் போட்டுக் காட்டுவோம்." சொல்லிக்கொண்டே கைக்குட்டையால் கண்ணை ஒற்றினார். மனிதர் நடிக்கவில்லை; உண்மையாகவே அழுதார். அதுதான் பஸ்காரருக்குத் தாங்கவில்லை.

பிறகு கறுப்புப் பெட்டியில் பதிவானதை ஒலிக்கவிட்டார்கள். பஸ்காரர் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதலில் மழை. வறுகடலையை முறத்தில் கொட்டுகிற மாதிரிச் சத்தம். பிறகு பாப்பா. பதறாத, தெளிவான குரல்.

"கேப்டன், உங்க வழிகாட்டுதலுக்கு நன்றி. பின்காத்து அதிகமா இருக்கு, பாதையில பாதி போயிடுச்சு, இன்னும் தொடல. மேல ஏறிடலாம்ங்கிறது என்னோட தாழ்மையான—"

அதோடு நிறுத்திவிட்டார்கள். மிச்சத்தைப் பார்வையாளர் கேட்கக்கூடாது என்பது விதி. அந்த ஒரு விதிக்காக மட்டும் பஸ்காரர் அவர்களை மனசுக்குள் வாழ்த்தினார்.

"உச்சரிப்பு அருமை" என்றார் பண்பு அலுவலர், தழுதழுத்து.

ஆணையத்தில் ஓர் உறுப்பினர் ஒலி நிபுணர். கைக்கு அடக்கமான ஒரு கருவி வைத்திருந்தார். அது சத்தத்தை அளந்து எண்ணாகக் காட்டும். பாப்பாவின் குரலை அவர் ஏழு முறை ஓடவிட்டு அளந்தார். ஏழு முறையும் ஐம்பத்தெட்டு டெசிபல்.

"வீட்டில் உப்பு எடுத்துக் கொடு என்று கேட்கும் அளவு இது" என்றார் அவர். "எண்பதைத் தாண்டினால்தான் கத்தல்."

"ஆக, அவர் கத்தவில்லை" என்றார் தலைவர்.

"கத்தவில்லை."

"கத்தியிருந்தால் கேப்டன் மேலே ஏறியிருப்பார்?"

"ஏறியிருக்க வாய்ப்புண்டு."

ஐந்து பேனாக்களும் ஒரே நேரத்தில் குனிந்தன. இத்தனை நாளாகத் தேடிய காரணம் இப்படி ஐம்பத்தெட்டு என்ற எண்ணில் அகப்பட்டதில் கூடத்தில் ஒரு நிம்மதி பரவியது. யாரோ தேநீருக்குச் சொன்னார்கள்.

பஸ்காரர் எழுந்து நின்றுவிட்டார். "ஐயா, ஒரு பேச்சு."

"எழுத்தில் கொடுங்கள்."

எழுத்தில் கொடுத்தார். மறுநாள் திரும்பி வந்தது. 'முதலில் நன்றி இல்லை' என்று ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு. ஆணையமும் அந்த மூன்று படி முறையை நல்ல முறை என்று கண்டு, தன் அலுவல்களுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. நன்றி எழுதிக் கொடுத்தார். தாழ்மை இல்லை என்று வந்தது. தாழ்மையும் சேர்த்துக் கொடுத்தார். பதினொரு நாள் கழித்துப் பேச மூன்று நிமிஷம் கிடைத்தது.

"ஐயா, நான் பஸ் ஓட்டினவன். என் கண்டக்டர் என்னைவிட பதினஞ்சு வயசு சின்னவர். பின்னால ஒரு ஆள் படியில தொங்குறான்னு வைங்க. அவர் ஒரு விசில் அடிப்பார். நான் நிறுத்திடுவேன். நன்றி அண்ணேன்னு அவர் ஆரம்பிச்சிருந்தா அந்த ஆள் சக்கரத்துக்குள்ள போயிருப்பான். பாப்பா பேசினது ஒம்பது செகண்டு. அந்த வேகத்துக்கு ஒம்பது செகண்டுன்னா அறுநூறு மீட்டருக்கு மேல. அதுல நன்றிக்கு எத்தனை மீட்டர் போச்சு, தாழ்மைக்கு எத்தனை மீட்டர் போச்சுன்னு அளந்து பாருங்கய்யா. குரலை அளந்தீங்களே, அதையும் அளங்க."

தலைவர் பெருந்தன்மையோடு சிரித்தார்.

"பெரியவரே, உங்கள் வலி எங்களுக்குப் புரிகிறது. ஆனால் விமானம் என்பது பேருந்து அல்ல. அதில் படியும் இல்லை, விசிலும் இல்லை. தவிர, பணிவு இதுவரை யாரையும் கொன்றதாகப் பதிவு இல்லை. பதிவில் இல்லாததை ஆணையம் கண்டுபிடிக்க முடியாது."

அன்று வீட்டுக்கு வந்தவர் சோற்றில் கையை வைத்துவிட்டு அப்படியே இருந்தார்.

"என்னங்க சொன்னாங்க?"

"ஏன் கத்தலைன்னு கேக்குறாங்க."

"அவளா கத்தத் தெரியாதவ? தெருமுனையில வரும்போதே 'அம்மா பசிக்குது'ன்னு நாலு வீட்டுக்குக் கேக்குமே" என்றாள் மனைவி.

"வேலையில சேந்த அன்னிக்கு நான்தான் சொன்னேன். பெரிய இடம், வாயை அடக்கிக்கோ பாப்பான்னு."

"நீங்க மட்டுமா சொன்னீங்க? நானுந்தான் சொன்னேன். சாப்பிடுங்க."

அவர் சாப்பிடவில்லை. அவளும்தான்.

எட்டாம் மாதம், விமானம் விழுந்த இடத்தை நேரில் பார்க்க ஆணையம் புறப்பட்டது. அன்றும் மழைக்காலம். இடத்தைப் பார்க்காமலே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதால் அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் நேரில் பார்த்ததாக அறிக்கையில் ஒரு பத்தி வர வேண்டும், அதுவும் நான்கு மணிக்குள் பார்த்ததாக வர வேண்டும். ஐந்து உறுப்பினர்கள், குறிப்பெழுதும் அம்மா ஒருவர், பஸ்காரர், எல்லோருமாக ஒரு வேனில் ஏறினார்கள். ஓட்டுநர் நாற்பது வயதுப் பெண். கிளம்புமுன் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். அந்தத் தட்டலிலேயே பஸ்காரருக்கு அவரைப் பிடித்துப்போனது.

"என்ன தங்கச்சி, முகம் சரியில்லையே?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பிரேக் ஒரு வாரமாவே சரியா பிடிக்கலண்ணே. மிதிச்சா உள்ள போய்க்கிட்டே இருக்கு."

"சொல்லலையா?"

"எழுதிக் குடுத்தேன். ரெண்டு தடவை திரும்பி வந்துடுச்சு. தாழ்மை பத்தலையாம். ரெண்டு பிள்ளைங்க இருக்குண்ணே, வேலை போயிட்டா என்ன பண்றது? மெதுவா ஓட்டிக்கிறேன்."

மெதுவாகத்தான் ஓட்டினார். தலைவருக்குத்தான் பொறுக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, "வேகமாகப் போகச் சொல்லுங்கள்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்ல, அவர் அடுத்தவரிடம் சொல்ல, வரிசையாக வந்து அது ஓட்டுநரின் காதில் விழுந்தது. விமான நிலையத்தின் பின்பக்கம் ஓடையை நோக்கி இறங்குகிற சரிவுச் சாலை. வேன் இறங்க ஆரம்பித்ததும் பஸ்காரரின் வலது கால் தானாக வேனின் தரையை மிதித்தது. எதிரே பார்த்தார். சரிவு முடிகிற இடத்தில் இருந்த சின்னப் பாலம் இல்லை. வெள்ளம் அதைக் கொண்டுபோயிருந்தது. பழுப்பாகத் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டுநரும் பார்த்துவிட்டார். அவருடைய கால் பிரேக்கை மிதித்தது. அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. வாய் திறந்தது. பழக்கம் பாருங்கள், கண்ணுகளா, பாழும் பழக்கம்.

"ஐயா, இந்த வண்டியில வந்ததுக்கு ரொம்ப நன்றி—"

"கியரை இறக்கு!" என்று கத்தினார் பஸ்காரர். "இறக்கு! ஹேண்ட்பிரேக்கை இழு! இடது பக்கம் மண்மேட்டுல ஏத்து! ஏத்துடீ!"

அந்தக் குரல் முப்பத்தொரு வருஷம் சந்தைத் தெருவில் ஆடு, மாடு, ஆட்டோ எல்லாவற்றையும் விலக்கிய குரல். ஓட்டுநரின் கைகள் அவரைக் கேட்காமலே அதன்படி செய்தன. வேன் உறுமியது, ஆடியது, மண்மேட்டில் ஏறிச் சாய்ந்து நின்றது. ஒரு முன்சக்கரம் தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. தலைவரின் மூக்குக்கண்ணாடி யாருடைய மடியிலோ கிடந்தது. குறிப்பெழுதும் அம்மா வாய்விட்டு அழுதார். மற்றபடி ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

தலைவர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு கேட்டார். "கத்தியது யார்?"

"நான்தாங்கய்யா."

"முன் அனுமதி பெற்றீர்களா?"

பஸ்காரர் ஹேண்ட்பிரேக் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். ஒலி நிபுணர் தன் மடியிலிருந்த கருவியை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். களத்தின் சத்தத்தை அளப்பதற்காக அதைப் புறப்படும்போதே போட்டுவிட்டிருந்தார். "நூற்று நான்கு" என்றார் மெல்ல. "இப்படி ஓர் எண்ணை நான் மனிதக் குரலில் பார்த்ததே இல்லை."

இனி இவர்களுக்குப் புரியும் என்று பஸ்காரர் நினைத்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடமும் அதைத்தான் சொன்னார். "நம்ம வண்டியிலயே நடந்துடுச்சு. கண்ணால பாத்துட்டாங்க. இனிமே பாப்பா பேரை எழுத மாட்டாங்க." அன்று இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

பதினான்காம் மாதம் அறிக்கை வந்தது. முந்நூற்று நாற்பது பக்கம். கூடத்தில் தலைவர் முக்கியமான பகுதிகளை மட்டும் வாசித்தார். சான்றிதழ் முறையாக இருந்ததால் விமான நிலையம் நிரபராதி. வற்புறுத்தவில்லை என்பதால் நிறுவனம் நிரபராதி. கேப்டன் அனுபவசாலி, தக்க முறையில் எச்சரிக்கப்பட்டிருந்தால் விபத்தைத் தவிர்த்திருப்பார். பஸ்காரர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டார். பிறகு காரணம் என்ற பக்கம் வந்தது.

"துணை விமானி ஐம்பத்தெட்டு டெசிபலில் மட்டுமே எச்சரித்தார். அதற்குமேல் குரல் எழுப்ப அவரால் இயலாமல் போயிருக்கலாம் என்று இந்த ஆணையம் முதலில் இரக்கத்தோடு எண்ணியிருந்தது. ஆனால் கள ஆய்வின்போது அவருடைய தந்தையின் குரல் நூற்று நான்கு டெசிபல் என்பதை ஐந்து உறுப்பினர்களும் நேரில் அறிந்தனர். இத்தகைய குரல்வளம் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர், ஆபத்து நேரத்தில் அதைப் பயன்படுத்தாதது இயலாமை அல்ல, அலட்சியம் என்று ஆணையம் ஒருமனதாக முடிவு செய்கிறது."

வாசித்து முடித்துத் தலைவர் நிமிர்ந்தார். பஸ்காரரை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் பகை இல்லை. சொல்லப்போனால் நன்றிகூட இருந்தது. ஒரு சிக்கலான வழக்கில் நல்ல ஆதாரம் கொடுத்தவரிடம் காட்டுகிற நன்றி.

அறிக்கையின் பிரதி ஒன்றைப் பஸ்காரர் கையில் கொடுத்தார்கள். வீட்டில் மனைவி அந்தப் பக்கத்தை விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள்.

"அன்னிக்கு நீங்க கத்தாம இருந்திருந்தா?"

"ஏழு பேரும் போயிருப்போம். அந்தத் தங்கச்சியோட சேத்து எட்டு பேரு."

"பாப்பா பேரு?"

"அப்பவும் வந்திருக்கும். 'அலட்சியம்'னு இருக்காது, 'இயலாமை'ன்னு இருக்கும். அவ்வளவுதான்."

அவள் அறிக்கையை மூடினாள். அப்போது வாசலில் யாரோ வந்து நின்றார்கள். வேன் ஓட்டுநர். கையில் ஒரு கடிதம். முன் அனுமதி இல்லாத ஒருவரின் சத்தத்துக்குக் கீழ்ப்படிந்து அரசு வாகனத்தை மண்மேட்டில் ஏற்றியதற்காக அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். சாட்சி இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும்.

"உங்களுக்கே ஆயிரம் துக்கம் இருக்கும்ண்ணே. கேக்கவே கூச்சமா இருக்கு" என்றார் ஓட்டுநர்.

"உள்ள வாம்மா முதல்ல" என்றாள் பஸ்காரரின் மனைவி. "நின்னுக்கிட்டே எதுக்கு பேசுறே? என்னங்க, பேனாவை எடுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க."

அவள் சொன்னது இரண்டே வரி. வேனில் பிரேக் பிடிக்கவில்லை. ஓட்டுநர்மீது தப்பு இல்லை. அதற்கு மேலேயும் ஒன்றும் இல்லை, கீழேயும் ஒன்றும் இல்லை, பஸ்காரருடைய கையெழுத்தைத் தவிர.

மறுநாள் காலையில் பஸ்காரர் அதைக் கடிதம் அனுப்பிய அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். நான்காம் மாடி, கண்ணாடிச் சன்னல், அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. உள்ளே இருந்த எழுத்தர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"பெரியவரே, இதுல நன்றியைக் காணோமே."

"இல்லைங்க."

"தாழ்மை?"

"அதுவும் இல்லைங்க."

"அப்ப வாங்கிக்க முடியாது. முறைப்படி எழுதிட்டு நாளைக்கு வாங்க." காகிதம் ஓட்டை வழியாகத் திரும்பி வந்தது.

பஸ்காரர் அதை எடுக்கவில்லை. ஓட்டைக்கு நேராகக் குனிந்தார். அவருக்குக் கோபம் இல்லை. தொண்டையில் அதற்குத் தெம்பும் இல்லை. வீட்டில் உப்பு எடுத்துக் கொடு என்று கேட்கும் குரலில், எழுதியிருந்ததை அப்படியே சொன்னார்.

"வேன்ல பிரேக் பிடிக்கல. ஓட்டுநர் மேல தப்பு இல்ல."

எழுத்தர் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார். அக்கம்பக்கத்து மேஜைகளில் தலைகள் நிமிர்ந்தன.

"யோவ் பெரியவரே," என்றார் எழுத்தர், "எதுக்கு இப்படிக் கத்துறீங்க?"